மூடி போட்டால் நின்றுவிடும்

திரை நீலமானதும் யோகம் அக்கா விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை தம்பி. சும்மா அடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும். பினாங்குத் தீவின் கெலுகோரில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துச் சாலையில் அவருடைய வீடு. முன்னறை முழுக்கப் புது பிளாஸ்டிக் வாசனை. வெளியே ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க நான் எங்கேயும் ஒழுங்காக உட்கார்ந்ததாக நினைவில்லை.

நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதேதோ எண்கள். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. ஆனாலும் குனிந்து, கண்ணைச் சுருக்கி, எல்லாம் தெரிந்தவன் மாதிரி படித்தேன். படித்துவிட்டுக் கேட்டேன்:

"எதையாவது சேர்த்து அமுக்கிட்டீங்களாக்கா?"

அவர் மடியில் இருந்த தன் விரல்களைப் பார்த்தார். அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பார்க்காமல் அடிக்கும் கை

யோகம் அக்காவைத் தெரியாத ஆராய்ச்சி மாணவர்கள் அந்தக் காலத்தில் கெலுகோரில் குறைவு. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போனபின் அந்த வீட்டில் தனியாக இருந்தார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர் பேச்சில் இருந்து யாழ்ப்பாணம் போகவே இல்லை.

அவர் அடிப்பதைப் பார்க்கவேண்டும். கண் கையெழுத்துப் படியில் இருக்கும், வாய் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும், கை தன் பாட்டுக்கு ஓடும். "அம்மா சுகமா? பசாரில மீன் என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தை முடித்து உருவுவார். பிழை இருக்காது. மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அப்படித்தான்.

அவரிடம் இருந்த தட்டச்சு இயந்திரத்தை விற்க வைத்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"இன்னும் எத்தன நாளைக்குக்கா இந்த டக்கு டக்கு? ஒரு எழுத்து தப்புனா முழுப் பக்கமும் போச்சு. கம்ப்யூட்டர்ல அழிச்சா அழிஞ்சிடும், சேத்தா சேந்துடும். நான் செஞ்சு தரேன் லா. ஏதாச்சும் கோளாறுன்னா நான் இருக்கேன்."

மூன்று மாதம் நச்சரித்தேன். கடைசியில் இயந்திரத்தை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு போனபோது வாசல்வரை கூடவே போய் நின்றாராம்.

புதுக் கணினியில் அவர் எடுத்த முதல் வேலை ஒரு மலாய்க்கார மாணவியின் ஆய்வேடு. சதுப்புநில நண்டுகளைப் பற்றியது. இருநூறு பக்கத்துக்கு மேல். அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் மாணவி அதைத் துறையில் ஒப்படைத்தாகவேண்டும். தவறினால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். யோகம் அக்கா ஒப்புக்கொண்ட வேலையை ஒருநாளும் தாமதமாகக் கொடுத்ததில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

செவ்வாய்க்கிழமை காலைக்குள் அடித்த பக்கங்கள் இரண்டு முறை காணாமல் போயிருந்தன.

பதிமூன்று பிளாப்பி

சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தபோது எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு மணிநேரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்துவிட்டு, சூலியா தெருவில் இருந்த என் கடைக்குத் திரும்பினேன். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பண மாற்றுக்கடைக்கு மேலே, மாடியில் பாதி அறை. கீழே இருந்து நாசி கண்டார் சோற்றுக்கடைக் குழம்பின் மணம் ஏறி வந்து எல்லாச் சாமானிலும் ஒட்டிக்கொள்ளும்.

படியேறும்போதே தொலைபேசி அடித்தது. "தம்பி, நீலமா வந்து நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிஸ்டத்தை மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். அந்தக் காலத்தில் சிஸ்டம் ஏற்றுவது இன்றுபோல் தொட்டால் நடக்கும் காரியமில்லை. பதிமூன்று பிளாப்பி. ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். கர்ர், கர்ர் என்று அது தின்று முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். அடுத்ததைக் கொடு என்று அது கேட்கும். கொடுக்கவேண்டும்.

பதினொன்றாவது பிளாப்பியில் திரை நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மறுபடி ஒன்றிலிருந்து. எனக்கு உட்கார்ந்த இடத்தில் கால் ஆடும் வியாதி சிறுவயதிலிருந்தே உண்டு. அன்று நான் கால் ஆட்டிய ஆட்டத்தில் மேசை விளக்கு நடுங்கியது. யோகம் அக்கா விளக்கை நகர்த்தி வைத்தார்.

ஒருவழியாக ஏறியது. திங்கட்கிழமை முழுக்க ஓடவும் செய்தது. செவ்வாய்க்கிழமைதான் நான் மேலே சொன்ன அந்தக் காலை.

ஒரு சின்ன வேண்டுதல்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போகாவிட்டால் மீதிக்கதை விளங்காது.

கடை வைப்பதற்கு முன் நான் மின்னணுத் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தேன் என்று சில வாரங்களுக்கு முன் இதே பத்தியில் எழுதியிருந்தேன். சிம்பாங் அம்பாட்டில் இருந்து பேருந்து, பிறகு தீவுக்குப் போகும் பெர்ரி, பிறகு தொழிற்சாலை வண்டி. விடியும்முன் கிளம்பினால்தான் ஏழு மணிக்கு உள்ளே நிற்கலாம்.

எங்கள் பிரிவு தூசியே ஆகாத அறை. தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி. கண் மட்டும் வெளியே தெரியும். உள்ளே நுழையும் முன் மேற்பார்வையாளர் எங்கள் முகத்தை உற்றுப் பார்ப்பார். பவுடர் கூடாது. கண்மை கூடாது. திருநீறு கூடவே கூடாது.

என் அம்மா என் நெற்றியைப் பார்க்காமல் வாசற்படி தாண்ட விடமாட்டார். ஆக, ஆறு வருடம் தினமும் வீட்டில் பூசிக்கொண்டு கிளம்புவேன், தொழிற்சாலை வாசலில் ஈரத் தாளால் துடைத்து எறிவேன். எனக்கு அந்த ஒன்றுதான் பெரிய அவமானமாக இருந்தது. சம்பளம் குறைவு, நிற்கும் நேரம் அதிகம், அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நெற்றியைத் துடைப்பது மட்டும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

சொந்தக் கடை வைத்த முதல் நாள் மூன்று விரலாலும் அள்ளிப் பூசிக்கொண்டு சூலியா தெருவில் நடந்தேன். எவன் கேட்பான்?

யோகம் அக்காவின் கணினிதான் என் கடையில் நானே கோத்த முதல் கணினி. வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குப் போய்வந்த கையோடு முடித்தேன். படுத்தவாக்கில் இருக்கும் தட்டையான பெட்டி. அதற்கு மேலே திரையைத் தூக்கி வைக்கவேண்டும். பெட்டியை மூடும் முன் ஒரு யோசனை வந்தது. புதுக் காடி, கார்தான், வாங்கினால் நம் ஆட்கள் பூசை போடாமல் ஓட்டுவார்களா? எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் விடுவார்களா? என் முதல் கணினி மட்டும் என்ன பாவம் செய்தது? வெளியே பூசினால் வாங்குகிறவர் என்ன நினைப்பாரோ என்று, மூடியின் உட்புறத்தில், யாரும் பார்க்காத இடத்தில், மூன்று பட்டை இழுத்தேன். நன்றாகவே இழுத்தேன். பிறகு மூடித் திருகாணி போட்டேன்.

புத்தியுள்ள வாசகர் இந்த இடத்தில் சிரித்திருப்பார். எனக்கு அந்தப் புத்தி வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஆடத் தெரியாதவள்

செவ்வாய்க்கிழமை பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்தேன். திறந்தேன். நினைவுப் பலகையை, நாங்கள் ரேம் என்று சொல்வோம், உருவி எடுத்து அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்தேன். அது செருகும் இடத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி இருந்தது. கீழே லாரி போகிற சாலை, தூசி வராமல் இருக்குமா என்று வாயால் ஊதிவிட்டேன். மூடாமல் அப்படியே ஓடவிட்டேன். மாலைவரை ஓடியது. பாட்டுப் போட்டேன், படம் வரைந்தேன், பத்துப் பக்கம் அடித்தேன். ஒரு தடுமாற்றமும் இல்லை.

சாமி கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். நன்றி மறக்கக்கூடாதே என்று மூடும் முன் மறுபடி மூன்று பட்டை, முன்பைவிடத் தடிப்பாக.

புதன்கிழமை கெலுகோரில் வைத்தோம். மத்தியானம் நின்றுவிட்டது.

கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. அப்படியானால் கோளாறு வீட்டில்தானே? "உங்க வீட்டு கரண்ட் சரியில்லக்கா" என்றேன். கரண்டை நிதானமாக வைத்திருக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். இரண்டு மணிநேரம் கழித்து நீலம்.

பிறகு ரேம் மேல் சந்தேகம். வியாழக்கிழமை அதை எனக்கு விற்ற லியோங்கிடம் போய்ச் சண்டை பிடித்தேன். சிநேகிதன், என் கடைக்குக் கடனுக்கே மறுபேச்சில்லாமல் சாமான் கொடுத்தவன். "பழைய சாமான என் தலையில கட்டிட்ட" என்று அவன் கடையில் நாலு பேர் முன்னால் மலாயில் கத்தினேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தான். "சாமா சஜா லா" என்றான். எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று அர்த்தம்.

பெட்டியை மறுபடி கடைக்குத் தூக்கிவந்து அதைப் போட்டதும், திறந்தபடியே, ஓடியது. அன்று அம்மா கோயிலில் விசேஷமாக வாங்கிவந்த திருநீற்றைப் பொட்டலத்தோடு கொண்டுபோயிருந்தேன். எத்தனை பட்டை இழுத்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடம், கரண்ட், லியோங் என்று எல்லாவற்றையும் கோணல் என்று சொல்லிவிட்டேன்.

இதில் எல்லாவற்றிலும் மோசமானது அக்காவின் கை. என் கேள்விக்குப் பிறகு அவர் அடிக்கும் விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து பார்த்து, ஒரு விரலால் தொட்டு, ஏதும் ஆகிவிட்டதா என்று நிமிர்ந்து திரையைப் பார்ப்பார். பேச்சு நின்றுவிட்டது. மீன் விலை கேட்கவில்லை. "எனக்கு வயசு போட்டுது போல, கை சரியில்லை" என்று ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னார். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை அவருக்கு. அதைக் கேட்டதும் நான் ஏதோ சாமான் எடுப்பதுபோல வாசலுக்குப் போய்விட்டேன்.

அக்கா கேட்ட கேள்வி

வியாழன் மாலை பெட்டியைக் கெலுகோரில் திரும்ப வைத்தேன், வெள்ளிக்கிழமை காலை மறுபடி நீலம். இன்னும் நூற்றுமுப்பது பக்கம் பாக்கி. தெரிந்த இடத்தில் எல்லாம் தட்டச்சு இயந்திரம் இரவல் கேட்டுப் பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை. மாணவி காலையிலேயே வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

இந்த முறை பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போக நேரமில்லை. அவருடைய மேசையிலேயே திரையை இறக்கி வைத்துவிட்டு மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினேன். ரேமை உருவித் தேய்த்துச் செருகினேன். ஓடியது. ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்கக்கா."

"உம்மட கடையில ஓடினபோது மூடி போட்டிருந்தீரோ?"

"இல்ல, தொறந்துதான் வச்சிருந்தேன்."

"இப்பவும் திறந்துதான் கிடக்கு. ஓடுது. மூடினா நிக்குது." சுவரோரம் பார்த்தார். "அந்த மூடியில என்ன இருக்கு?"

நான் மூடியைப் பார்க்காமல் ரேமைப் பார்த்தேன்.

"மூடியில என்னாக்கா இருக்கப்போவுது, வெறும் தகரம்" என்றேன்.

அவர் கோப்பி கலக்கச் சமையலறைக்குள் போனார். கரண்டிச் சத்தம் கேட்டது. நான் மூடியைத் திருப்பினேன்.

நான் தடிப்பாக இழுத்த பட்டைகளில் நடுப்பட்டையே இல்லை. மற்ற இரண்டும் அங்கங்கே உதிர்ந்து, என் விரல் தடத்தோடு பல்லிளித்தன. மூடியை எடுத்து வந்து பெட்டிக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். நடுப்பட்டை இருந்த இடத்துக்கு நேர் கீழே ரேம் செருகும் பள்ளம். மேலே திரையின் கனம், பக்கத்தில் விசிறியின் அதிர்வு. திருநீறு கொஞ்சம் கொஞ்சமாக அதில் உதிர்ந்து, பினாங்கு ஈரக்காற்றில் பிசுபிசுத்து, பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. நான் சாலைத் தூசி என்று ஊதியது அதைத்தான்.

நான் ஆறு வருடம் தூசியில்லாத அறையில் வேலை செய்தவன். அதே திருநீற்றை ஏன் வாசலில் துடைக்கச் சொன்னார்கள் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. வேண்டுதல் கூடக்கூடக் கோளாறு கூடியதன் கணக்கும் விளங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் ஒவ்வொரு நாளும் குரங்கை இன்னும் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கைக்குட்டையால் மூடியை அழுத்தித் துடைத்தேன். வண்ணம் பூசும் சின்னத் தூரிகை ஒன்று பையில் இருந்தது, அதனால் பள்ளத்தைக் கூட்டினேன். கூட்டிய திருநீற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கடைசித் திருகாணியை முறுக்கும்போது அக்கா கோப்பியோடு வந்து நின்றார்.

"என்ன பழுது?"

"லூஸ் காண்டாக்ட்டுக்கா. ரேம் சரியா உக்காரல."

"அப்ப என்ட கை இல்லை?"

"இல்லக்கா."

"மூடியில ஒண்டும் இல்லையோ?"

"ஒண்ணும் இல்லக்கா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! கோப்பியை நின்றபடியே குடித்தேன். நாக்கு வெந்தது. மூடிய பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உட்கார்ந்து, குனிந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட ஆரம்பித்தார். கோளாறு போய்விட்டது, அவர் பயம் போகவில்லை. நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை என்று தெரிந்தும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொலைபேசியைச் சுற்றியே நடந்தேன். அடிக்கவில்லை. அடிக்காததும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லியோங்கைத் தேடிப்போய் நான் பழுதென்று மாற்றிய முதல் ரேமைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன். "என் தப்புதான்" என்றேன். எப்படிப்பட்ட தப்பு என்று அவன் கேட்கவில்லை. ஐஸ் கச்சாங் வாங்கித் தரச்சொல்லித் தின்றான்.

திங்கட்கிழமை மத்தியானம் கெலுகோருக்குப் போனேன். வீட்டிலிருந்து வரும் பெர்ரியின் இரைச்சலில் எனக்கு நானே ஒத்திகை பார்த்த வாக்கியம் எல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மறந்துவிட்டது.

"அந்தப் பிள்ளை பதினொரு மணிக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டாள்" என்றார் அக்கா. கண் இரண்டும் சிவந்திருந்தன. மூன்று நாள் ஒற்றை விரலால் அடித்து முடித்திருக்கிறார். "ஒருக்காலும் நிக்கேல்லை."

"நல்லதுக்கா."

"இருமன்."

உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில், மெல்லியதாக மூன்று பட்டை. நடுவே ஒரு குங்குமப் பொட்டு. அளவெடுத்ததுபோல வடிவாக இழுத்திருந்தார்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை உம்மட கறுப்புக் கால்சட்டையில மூண்டு விரலும் வெள்ளையா இருந்தது. துடைச்சனீர் போல." கோப்பியை ஆற்றிக்கொண்டே தொடர்ந்தார். "வெளியால பூசினாப் போதும் தம்பி. உள்ளுக்க இருக்கிறது அவருக்குத் தெரியும்."

என் கால் ஆடுவதை நிறுத்தியது.

"உங்க கை இல்லக்கா," என்றேன். "என் கைதான். ஒரு வாரமா என் கைதான். தெரிஞ்சப்பறமும் சொல்லல. மன்னிச்சுக்குங்க."

அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு நாற்காலியைத் திருப்பிப்போட்டு, மேசையில் இருந்த அடுத்த மாணவனின் கையெழுத்துப் படியை விரித்து வைத்தார்.

"அதை நீர் சொல்லுவீரோ எண்டுதான் மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "அம்மா சுகமா? உங்கட பக்கத்துப் பசாரில இப்ப கெம்போங் மீன் என்ன விலை?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.